சாய்த்துப் பார்க்காத தகடு

அவள் வேலை பார்த்த கட்டடத்தில் எல்லோரும் அவளை முகத்துக்கு நேரே "அம்மா" என்றார்கள், முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி" என்றார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவளுக்கு மூச்சு விடுவது போல.

பால் வாங்கினால் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். சமையல் காஸ் வந்தால், கொண்டுவந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, சிலிண்டரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தைக்கக் கொடுத்த துணி திரும்பி வந்தால் உள்பக்கத்தைப் புரட்டித் தையலை ஆராய்வாள். யாராவது பல்லெல்லாம் தெரியச் சிரித்து "சௌக்கியமா?" என்று கேட்டால், இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று யோசித்த பிறகுதான் "இருக்கேன்" என்பாள். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிரே வருகிறவன் ஒதுங்குவான் என்று நம்பியே முப்பது வருஷம் ஓட்டிய மனிதர்.

"உன் கண்ணுக்கு நிலாகூட அழுக்காத்தான் தெரியும்" என்பார் அவர்.

"அழுக்காத்தானே இருக்கு?" என்பாள் அவள்.

பிறக்கும்போதே அவள் இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மரப்பெட்டி ஒன்று வந்தது. தூக்கி வந்தவர் பெரிய மனிதர் மாதிரி இருந்தார். "எல்லாம் பத்திரமா இருக்கும்மா, கையெழுத்துப் போடு" என்றார். போட்டாள். மறுநாள் திறந்தால் உள்ளே பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் சுக்குநூறு. பெட்டியைப் போட்டு உடைத்தவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்தப் பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு என்றால் சிவப்பு மையில் கோடு போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவளுக்காக யாரும் அந்தச் சிவப்புக் கோட்டைப் போடவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த வரி அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை. இதில் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் காவல் காத்தது வானத்தை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது வானத்தை ஆராய்கிற இடம். முன்னொரு காலத்தில் தொலைநோக்கியின் அடியில் கண்ணாடித் தகட்டைப் பொருத்தித்தான் வானத்தைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவு. ஒரு பக்கம் வெறும் கண்ணாடி, மறுபக்கம் வெளிச்சம் பட்டால் கறுக்கும் மருந்து பூசியது. மருந்தில்தான் படம் இருக்கும், அதுவும் தலைகீழாக: வானம் வெளுத்துக் கண்ணாடியாகவே நிற்கும், நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். அப்படி இருபத்திரண்டாயிரம் தகடுகள், காகித உறைகளில், இரும்பு அலமாரிகளில். சாவிக்கொத்து அவள் இடுப்பில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லாத் தகட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று மேலிடத்தில் முடிவானது. பழைய விஞ்ஞானிகள் தங்களுக்குப் பிடித்த நட்சத்திரத்தின் பக்கத்திலெல்லாம், கண்ணாடிப் பக்கமாக, மையால் கோடும் அம்பும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மையை ஒருவர் பிளேடால் சுரண்டித் துடைத்து, உறையில் கையெழுத்துப் போடுவார். அடுத்து தகடு அவளிடம் வரும். உடைந்தது, கீறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் அவள் பொறுக்கிச் சேதப் பதிவேட்டில் எழுதி, மூலை அலமாரியில் வைத்துவிடுவாள். மூலைக்குப் போனது கம்ப்யூட்டர் அறைக்குப் போகாது. வேறு யார் கண்ணிலும் படாது. அவள் எழுதினால் எழுதியதுதான்.

ஒரு தகடு கைக்கு வந்ததும் முதலில் அதை விளக்கடியில் சாய்ப்பாள். நேராகப் பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்கும். சாய்த்தால் உண்மை வந்துவிடும். மருந்தில் கீறல் இருந்தால் பளிச்சென்று மின்னும், கண்ணாடி மேல் மை இருந்தால் மேடாகத் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் அது படத்திலேயே இருப்பது. ஓட்டலில் சாப்பாட்டுத் தட்டைக்கூட அவள் சாய்த்துப் பார்ப்பாள். அவள் மகளுக்கு மானம் போகும்.

அந்த மகள்தான் தானாக ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்தவர். அதிர்ந்து பேச மாட்டார். போட்டதைச் சாப்பிடுவார், எழுந்து தட்டைத் தானே கழுவி வைப்பார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வேர்த்தது.

"ஒரு குறைகூட வெளிய தெரியாத ஆம்பள எதையோ உள்ள மறைக்கிறான்னு அர்த்தம்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எனக்கு நூறு குறை. அப்ப நான் ரொம்ப நல்லவன்" என்றார் அவர்.

வாய் "வாங்க மாப்பிள்ளை" என்னும், மனசு "வந்துட்டான்யா" என்னும். அவர் போன பிறகு மேஜை இழுப்பறையை ஒருமுறை திறந்து மூடுவாள். ஒன்றும் குறைந்திருக்காது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருக்கும்.

சட்டக் கடை மூடிப்போனபோது, கண்ணாடியில் கை பழகியவர் என்று, மையைச் சுரண்டும் வேலைக்கு அவரையே எடுத்தார்கள். மகளின் நச்சரிப்புத் தாங்காமல் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தது மட்டும்தான் அவள் செய்த உதவி. ஒரு வருஷம் தற்காலிகம், அதன் பின் நிரந்தரம். அலுவலகத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மாப்பிள்ளை" என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள், "தம்பி" என்றால் முறை இடிக்கும். "இங்க பாருங்க" என்றே பதினோரு மாதம் ஓட்டினாள்.

முதல் நாள் அவரை விளக்கடியில் நிறுத்தி, "இங்க பாருங்க. சாய்ச்சுப் பாக்காம எதையும் நம்பாதீங்க. உங்க கண்ணையே நம்பாதீங்க" என்றாள்.

"சரிங்க அத்தை" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு "சரிங்கம்மா" என்று திருத்தினார்.

பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மேலே இருந்த உறையை எடுத்தாள். முதலில் கண்ணில் பட்டது உறையிலிருந்த அவருடைய கையெழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டிப் போட்ட கையெழுத்து. இவ்வளவு ஒழுங்காகக் கையெழுத்துப் போடுகிறவன் எதற்காக ஒழுங்காகப் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டே தகட்டை உருவினாள்.

நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். நடு கொஞ்சம் புடைத்து, இரண்டு பக்கமும் கூராகி முடிந்தது. அந்தக் கறுப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டாகப் பிளந்துகொண்டு, தலைமுடி பருமனில் ஒரு வெள்ளைக் கோடு போயிற்று. லென்ஸை வைத்தாள். முனையில் கோடு லேசாக வளைந்திருந்தது.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினோரு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது கைக்கு வந்துவிட்டது. கறுப்பு, பழைய மைத் தீற்றல். அதைச் சுரண்டப் போனவர் தகட்டைத் திருப்பிப் பிடித்துவிட்டார். கண்ணாடியில் ஓட வேண்டிய பிளேடு மருந்தில் ஓடிவிட்டது. முனையில் வளைவு இருக்கிறதே, அது தப்பு என்று தெரிந்து கை நடுங்கிய இடம். தெரிந்தும் சொல்லாமல், உறையில் போட்டு, உருட்டி உருட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தாத ஒரு துண்டுகூட இல்லை.

'மருந்துப் பக்கம் பிளேடு கீறல். முனையில் வளைவு. சுத்தம் செய்தவரின் கவனக்குறைவு.' எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தகட்டை மூலை அலமாரியில் வைத்துவிட்டு, பதிவேட்டோடு நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். அதிகாரிக்கு வானமும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது, கோப்பு தெரியும். அவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார், தகட்டையும் வரவழைத்தார்.

"என்ன தம்பி, இது உங்க வேலையா?"

மாப்பிள்ளை தகட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"அன்னிக்கு மட்டும் அறுபது தகடு சார். ஒண்ணொண்ணா ஞாபகம் இல்ல." பிறகு அவளைப் பார்த்தார். "ஆனா அம்மா பாத்து எழுதினா சரியாத்தான் சார் இருக்கும். என் கைதான் தப்பியிருக்கும்."

எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்தாள் அவள். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. அதிகாரி விடவில்லை. கை தப்புகிற ஆளை இருபத்திரண்டாயிரம் தகடுகளுக்கு நடுவே வைத்திருக்க முடியாது என்றார். அந்த வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. மகள் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

"சொந்த மாப்பிள்ளைன்னு பாக்காம உள்ளதச் சொன்னேன்" என்றாள் அவள் வீட்டில்.

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு கிண்டலும் செய்யாமல் விட்டது அதுவே முதல் தடவை.

மாப்பிள்ளை ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் வேலைக்குப் போனார். உள்ளே வருகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும், போகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும். கையில் பேனாவைத் தவிர எதையும் எடுக்கத் தேவையில்லை. 'சோம்பேறிக்கு ஏத்த வேலைதான்' என்று அவள் மனசுக்குள் தீர்ப்பு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்குப் போவாள். பேத்திக்கு அப்போது எட்டு மாதம். அங்கே இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. குழந்தை கை நீட்டி அழுதாலும் மாப்பிள்ளை தூக்கவில்லை. "கொஞ்சம் தூக்குங்களேன்" என்று மகள் சொன்னால், போய்த் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, "இப்ப குடு" என்பார். வாங்கிக்கொண்டு அசையாமல் இருப்பார், ஏதோ தண்டனை மாதிரி.

"பெத்த பிள்ளைகிட்டயே ஒட்டுதல் இல்ல" என்றாள் பஸ்ஸில் திரும்பும்போது. "நான் அப்பவே சொல்லல?"

"நீ எல்லாத்தையும் அப்பவே சொல்லிட்டே" என்றார் வீட்டுக்காரர்.

நாலு மாதம் போனது. ஒன்பதாவது அலமாரியின் முறை வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கூரை ஒழுகியபோது, அதிலிருந்த உறைகளை அவளே பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒட்டுத்தாள் ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பதில் வந்த ஆள் அன்று வரவில்லை. சுத்தம் செய்யாத தகடுகளாவது எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாமே என்று அவளே ஒரு கட்டைப் பிரித்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல், மூன்று மணி இருக்கும்.

ஏழாவது உறையிலிருந்து வந்த தகட்டில், நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். அதைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கோடு. முனையில் வளைவு.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். பாவி, இதையும் கீறியிருக்கிறான்! எப்போது? இந்த அலமாரிக்குச் சாவி? இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாச் சாவியும் இருந்தது. கள்ளச்சாவி போட்டிருப்பானோ? குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருநாள் சீக்கிரம் போனானே, அன்றைக்கா? ஒட்டுத்தாளை எடுத்து லென்ஸின் அடியில் வைத்தாள். பதினோரு வருஷ மஞ்சள். அவளுடைய கையெழுத்து, அவளே இப்போது பிய்த்த இடத்தைத் தவிர வேறெங்கும் பிசகவில்லை. இந்தக் கட்டைச் சுற்றி ஒட்டியபோது மாப்பிள்ளை யாரோ, இவள் யாரோ. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

தகட்டை விளக்கடியில் சாய்த்தாள். எதுவும் மின்னவில்லை. இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். மருந்து தேங்கின தண்ணீர் மாதிரி வழவழவென்று கிடந்தது. கண்ணாடிப் பக்கமும் மேடு இல்லை, மை இல்லை. கறுப்பும் கோடும் வளைவும் படத்துக்குள்ளேயே இருந்தன.

மூலை அலமாரியைத் திறந்து அந்தப் பழைய தகட்டை எடுத்தாள். சாய்த்தாள். அதுவும் வழவழவென்றுதான் இருந்தது. இரண்டு உறைகளிலும் வானத்தில் எந்த இடம் என்று எழுதும் எண் ஒன்றே. எடுத்த தேதிகளுக்கு நடுவே பதினான்கு வருஷம்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை முழுசாக ஞாபகம் வந்தது. உறையைப் பார்த்தாள், உருவினாள், லென்ஸை வைத்தாள், எழுதினாள். சாய்க்கவில்லை. ஓட்டல் தட்டைச் சாய்த்துப் பார்க்கிறவள், அந்த ஒரு தகட்டை மட்டும் சாய்த்துப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் திங்கட்கிழமைதோறும் ஒரு விஞ்ஞானி வருவாள், கம்ப்யூட்டரில் ஏறிய படங்களைப் பார்க்க. சின்ன வயசு, வாய் நிறையப் பேச்சு. எல்லோருக்கும் அவள் 'திங்கக்கிழமை டாக்டர்'. சனியும் ஞாயிறும் பூதக்கண்ணாடிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கும் போகவில்லை. தலைவலி என்றாள். திங்கட்கிழமை இரண்டு தகடுகளையும் டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

"இது என்ன டாக்டர்? கீறலா?"

டாக்டர் குனிந்தாள். "ஐயோ, எவ்வளவு அழகு! இது எங்க இருந்துச்சு? நான் பாக்கவே இல்லையே!"

"கீறலான்னு கேட்டேன்."

"கேலக்ஸிம்மா. அதோ சுவத்துல இருக்கே, அதே ஜாதி."

சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. குழந்தையின் தலைச்சுழி மாதிரி, சுற்றிச் சுற்றிப் போகும் கரங்களோடு ஒரு விண்மீன் மண்டலம். இருபத்தாறு வருஷமாக அவள் பார்க்கும் படம். தகடுகளில் அந்த மாதிரிச் சுழிகள் வந்தால் அவளுக்கு அடையாளம் தெரியும், பேசாமல் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பிவிடுவாள்.

"அது வட்டமா இருக்கு. இது கோடு" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

டாக்டர் தன் தம்ளரை மூடியிருந்த எவர்சில்வர் மூடியை எடுத்தாள். நடுவில் குமிழ் வைத்த மூடி. நேராகப் பிடித்தாள். "வட்டம். சுழி இருந்தா எல்லாம் தெரியும். சரியா?" பக்கவாட்டில் திருப்பினாள். "இப்ப? வெறும் கோடு, நடுவுல குமிழ் மட்டும் புடைப்பா தெரியுது. அடியிலயும் ஒரு குமிழ் இருக்குன்னு வச்சுக்கோங்க. அவ்வளவுதான். கரம், சுழி எல்லாம் இருக்கு, நம்ம பக்கத்துலேருந்து தெரியல. நாம இதோட ஓரத்தப் பாக்குறோம்."

"சரி, நடுவுல இந்த வெள்ளக் கோடு?"

"தூசி."

"தூசியா?" இவ்வளவு கலக்கத்திலும் அவளால் பொறுக்க முடியவில்லை. "அங்கயுமா யாரும் தொடைக்கல?"

டாக்டர் சிரித்தாள். "அதோட நடுத்தளம் பூரா தூசி படிஞ்சிருக்கும். மேலேருந்து பாத்தா அங்கங்க திட்டாத் தெரியும். ஓரத்துலேருந்து பாத்தா அத்தனையும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னு வெளிச்சத்த மறைச்சிடும், கறுப்பா ஒரு பட்டை. தகட்டுல எல்லாம் தலைகீழ்தானே? வெளிச்சம் கறுப்பு, தூசி வெள்ள."

"முனையில வளைவு?"

"சிலதுக்கு ஓரம் வளைஞ்சிருக்கும். பக்கத்துல இன்னொரு கேலக்ஸி இழுத்திருக்கலாம்."

கை நடுங்கிய இடம் என்று அவள் தீர்மானித்த வளைவு. தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத நேரா பாக்குறதுக்கு வழியே இல்லையா? கொஞ்சம் சாய்ச்சு..."

"நம்ம ஆயுசுல இல்ல. இந்த உலகத்தோட ஆயுசுலயும் இல்ல. அத நாம சாய்க்க முடியாதும்மா. தகட்டத்தான் சாய்க்கலாம்."

அந்தப் பெண் ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் பூதக்கண்ணாடிக்கு நெஞ்சில் குத்தியது. தகட்டைச் சாய்த்திருக்கலாம். ஒரு நொடி வேலை.

நிர்வாக அதிகாரி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாலு மாசம் ஆச்சு. யாரு கேக்கப் போறா? அந்தத் தகட்ட மட்டும் சத்தமில்லாம கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுங்க. பதிவேட்டுல கை வச்சீங்கன்னா வம்பு. அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போறீங்க. இத ஒண்ண அடிச்சா, நீங்க கீறல்னு எழுதின மத்த முன்னூத்திச் சொச்சத்தயும் யாராவது எடுத்துப் பாக்கணும்பாங்க. உங்க கண்ணையே சந்தேகப்படுவாங்க. தேவையா?"

அவர் சொன்னது அத்தனையும் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். திங்கக்கிழமை டாக்டரே மூலை அலமாரியை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதிய ஒரு வரியிலும் சிவப்புக் கோடு விழுந்ததில்லை. அதுதான் அவளுடைய சொத்து.

"சிவப்புப் பேனா குடுங்க சார்" என்றாள்.

பதிவேட்டில் அந்த வரியைத் தேடிப் பிடித்து அடித்தாள். காரணம் எழுதும் இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'பார்வைப் பிழை' என்று எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 'கீறல் இல்லை. நான் சாய்த்துப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி படித்துவிட்டு, மாப்பிள்ளையைத் திரும்ப எடுக்கும் விஷயத்தைப் பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் 'பார்க்கலாம்' என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். "நாளைக்குக் காலைல வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, நேராக மகள் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

மகள் கதவைத் திறந்ததும் முகம் மாறினாள். அம்மாவின் கண் அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

"திங்கக்கிழமை வர மாட்டியே. யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை வந்தாச்சா?"

மாப்பிள்ளை அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை பாயில் கவிழ்ந்து, ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, அது கீறல் இல்ல."

"எது அத்தை?"

"அந்தத் தகடு. உங்க கை தப்பல. அது வானத்துலயே அப்படித்தான் இருக்கு. இன்னொரு தகட்டுலயும் இருக்கு, நீங்க தொடாதது. டாக்டர் பாத்து சொல்லிட்டாங்க. பதிவேட்டுல அடிச்சுட்டு வந்துட்டேன்."

மாப்பிள்ளை துண்டைப் பிடித்தபடி நின்றார். வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"சாய்ச்சுப் பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன். ரெண்டையும்."

"அப்போ? அன்னிக்கு?"

விளக்கு மங்கல் என்று சொல்லியிருக்கலாம். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார், அவர்தான் எல்லாவற்றையும் நம்புகிறவராயிற்றே. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அதிகாரியின் அறையில் இவர் போட்டது கணக்கே இல்லை. இவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

"அன்னிக்குப் பாக்கல. ஒறையில உங்க கையெழுத்தப் பாத்தேன். அதுக்கு மேல எதையும் பாக்கல."

மகள் கையிலிருந்த பாத்திரத்தை மேஜையில் ணங்கென்று வைத்தாள். "பரவால்ல அத்தை" என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அதையும் சந்தேகப்பட்டிருப்பாள்.

"நாலு மாசமா நான் இவள நின்னுக்கிட்டுத் தூக்கல" என்றார். குரல் உயரவில்லை. "அந்தத் தகட்ட எப்பக் கீறினேன்னு எனக்கு ஞாபகமே இல்ல அத்தை. எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கே தெரியாம ஒரு காரியம் பண்ணின கை. இவளத் தூக்கும்போது என்ன பண்ணுமோன்னு."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி. தரையில் சுவரோடு சாய்ந்து, மடியில் தலையணையோடு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பூதக்கண்ணாடியின் கண் முன்னால் வந்தன. ஒட்டுதல் இல்லாதவன் என்று அவள் பஸ்ஸில் தீர்ப்பு எழுதிய ஞாயிற்றுக்கிழமைகள். அதற்குப் பதிவேடு கிடையாது, சிவப்பு மையும் கிடையாது.

"தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை மனசிலும் வாயிலும் ஒன்றாக வந்தது.

அவர் துண்டால் கைகளைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்தது போதாமல் விரல் விரலாக மறுபடி துடைத்தார். பாயருகே போய்க் குனிந்தார். குழந்தை கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கியது. கக்கத்தில் கை கொடுத்து, மெதுவாக, நிமிர்ந்து நின்று தூக்கினார். தோளுக்கு வந்ததும் குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது.

யார் எதைத் தூக்கினாலும் அடியில் கை கொடுத்து ஏந்துவது பூதக்கண்ணாடியின் இருபத்தாறு வருஷப் பழக்கம். அவள் கைகள் தாமாகவே நீண்டன. நீண்ட கைகளைப் பார்த்தாள். பின்னால் இழுத்து, புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.